ஹென்னிங் பிடித்த கம்பி

இல்சபெயின் வீட்டு வாசலில் நான் வந்து நின்றது ஒரு மத்தியான நேரம். இலையுதிர் காலம் முடியும் தறுவாய். மழை பெய்யவில்லை, ஆனால் எல்லாமே நனைந்திருந்தது. ஊருக்குள் நுழைந்ததிலிருந்தே மணியோசை என் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், நான் பிறந்த ஊரிலும் அப்படி ஒரு மணி உண்டு. சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒரு கம்பியை இழுக்கும். கம்பியின் மறுமுனை வெளியே, கூரைக்குமேல் இருக்கும் மணியில் முடியும். மணி அடித்தால் சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் பம்பு இறைக்கிறது, அடியில் வேலை செய்பவர்களின் உயிர் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த எங்கள் ஹார்ட்ஸ் மலையில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிலிலேயே அந்த ஓசையில்தான் தூங்குகிறோம். அது நின்றால் விழித்துக்கொள்கிறோம்.

கதவைத் திறந்தவன் ஒரு கையில் குருவிக் கூண்டு வைத்திருந்தான். இல்சபெயின் தம்பி காஸ்பர்.

"புது சக்கரக்காரனா? உள்ள வா. சுரங்கத்துல உக்கார பின்னாடி கட்டியிருக்கிற தோலைக் கழட்டிட்டு உக்காரு. எங்கக்கா பெஞ்சைத் தேய்ச்சுத் தேய்ச்சு பாதியாக்கிட்டா, மீதியாவது இருக்கட்டும்."

இல்சபெ அடுப்பருகே நின்றிருந்தாள். உயரமான பெண். சிரிக்கவில்லை. சூடான பியர் சூப்பையும் கம்பு ரொட்டியையும் என் முன்னால் வைத்துவிட்டு, நான் தங்கப்போகும் மாடி அறையைப் பற்றிச் சொன்னாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. உள்ள நிக்கும்போது அந்தக் கம்பியைத் தொடாத."

"நான் எதுக்குக்கா தொடப்போறேன்?"

"தொடாத. அவ்வளவுதான்."

மறுநாள் சுரங்கத்துக்கு நடக்கும்போது காஸ்பர் விஷயத்தைச் சொன்னான். எதையும் கேலியாகவே பேசுகிறவன், இதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இல்சபெயின் கணவன் ஹென்னிங்தான் எனக்கு முன் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டவன்.

"போன குளிர்காலம். மணி நின்னுபோச்சு. ஊரே தெருவுல வந்து நின்னோம். சக்கரத்துல பனி இறுகியிருக்கும், மச்சான் உள்ள ஏறி வெட்டிட்டிருப்பாருன்னு யாரோ சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப அடிக்க ஆரம்பிச்சுது. அப்பாடான்னு எல்லாரும் வீட்டுக்குள்ள போயிட்டோம். அக்கா சூப்பைச் சுடவெச்சு மேசையில எடுத்து வெச்சா."

அவன் ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தான்.

"பனி விட்டதும் சக்கரம் கிளம்பிடுச்சு. அவர் உள்ளயே இருந்திருக்கார். அடுத்து வேலைக்கு வந்தவன் போய்ப் பாக்குற வரைக்கும் அவரோடதான் அது சுத்திட்டிருந்திருக்கு. மணி அழகா அடிச்சிட்டிருந்துச்சு. எவன் போய்ப் பாப்பான்?"

சுரங்க வாசலில் அவன் ஏணிப்பக்கம் திரும்பினான். "நல்லபடியா மேல வா," என்றேன், எங்கள் வழக்கப்படி. "நீ ஒழுங்கா எறச்சேன்னா வரேன்," என்றான்.

சக்கரக்குகைக்குப் போக மலையைக் குடைந்த ஒரு நீண்ட வழி. குனிந்தே நடக்கவேண்டும். முதலில் தண்ணீர் கொட்டும் ஓசை வரும், பிறகு ஊறிப்போன மரத்தின் வாடை, அப்புறம்தான் சக்கரம். விளக்கின் வெளிச்சத்தில் அது முழுவதும் தெரிவதே இல்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பகுதி இறங்கி வரும், இருட்டுக்குள்ளேயே போய்விடும். பக்கத்தில் தாதுத் தொட்டிகளை மேலே தூக்கும் பெரிய சக்கரம். இரண்டு பக்கமும் சுற்றக்கூடியது. அன்று அது அசையாமல் நின்றிருந்தது.

இறைக்கும் சக்கரத்தின் அச்சில் இரண்டு முளைகள். ஒவ்வொன்றும் கீழே வரும்போது ஒரு மரக்கையைத் தட்டும். மரக்கை கம்பியை இழுக்கும். மேலே, வெகுதூரத்தில், மணி.

நான் விளக்கை ஆணியில் மாட்டினேன். மதிய வேலைமுறை தொடங்கிவிட்டது. காலை முறைக்காரன் கிளம்பிப் போய்விட்டான்.

மரக்கை தானாக மேலே தூக்கிக்கொண்டது.

கம்பி விறைத்து நின்றது. முளை அதன் அடியில், எதையும் தொடாமல், வெறுமனே கடந்து போனது. மேலே மணி அடிக்கவில்லை.

பிறகு மரக்கை மெதுவாகக் கீழே இறங்கியது. உறங்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக் கீழே வைப்பதுபோல் மெதுவாக. அடுத்த முளை வந்து தட்டியது. மணி அடித்தது.

ஈரமான கம்பளிச் சட்டையின் வாடை வீசியது. நான் என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அது காய்ந்துதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது இல்சபெ வேறு ஒரு பெண்ணாக இருந்தாள். முகம் கழுவி, தலையை வாரிக் கட்டியிருந்தாள். காஸ்பர் குருவிக்கு விதை போட்டுக்கொண்டு ஏதோ சீட்டியடித்தான்.

"மத்தியானம் ஒரு அடி விட்டுப்போச்சு இல்ல?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நீ தொடலையே?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் ஹென்னிங் சுரங்கத்துக்குள் போய்ச்சேரும் வரை அவளுக்குச் சோறு இறங்காதாம். அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். உள்ளே போனதும் ஒரே ஒரு அடியை மட்டும் மணி அடிக்கவிடாமல் பிடித்துக்கொள்வான். ஊரில் யாருக்கும் அது உறைக்காது. ஒரு மூச்சு நேரம்தான். அவளுக்கு மட்டும் தெரியும், வந்து சேர்ந்துவிட்டான் என்று.

"இப்பவும் வந்து சேர்ந்துட்டேன்னு சொல்றார்," என்றாள்.

அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு மதியமும் அப்படியே நடந்தது. நான் விளக்கை மாட்டுவேன். கம்பி விறைக்கும். மனிதனுக்கு எதுவும் பழகிப்போகும். மரக்கை தூக்கிக்கொள்ளும் நேரத்தில் நானும் வேறு பக்கம் திரும்பி நிற்கப் பழகிக்கொண்டேன், புருஷன் பெண்டாட்டி பேசும்போது விலகி நிற்பதுபோல.

பிறகு சக்கரத்தில் தண்ணீர் ஏந்தும் சில மரவாளிகள் பிளந்துபோயின. மாற்றவேண்டும். மாற்றுவதென்றால் சக்கரத்தை நிறுத்தவேண்டும். ஊருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன், மணி நின்றால் பயப்படாதீர்கள் என்று. கீழே இருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். நான் மதகை இறக்கினேன். தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. சக்கரம் ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி அடங்கியது.

குகையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

பிறகு மணி அடித்தது.

மரக்கை அசையவில்லை. முளைகள் அசையவில்லை. ஆனால் அவற்றுக்கு மேலே, இருட்டுக்குள் ஏறிப்போகும் கம்பி, இறங்கி ஏறியது. இறங்கி ஏறியது. ஒரே சீராக, அவசரமில்லாமல், பழகிய கையால்.

நான் வெளியே ஓடிவந்தபோது சுரங்க வாசலில் மேஸ்திரி ப்ராண்டெஸ் என்னை முறைத்தார். "நிறுத்தப்போறேன்னு ஊரையே கூட்டிச் சொன்ன. இன்னும் நிறுத்தலையா?"



அன்று இல்சபெயிடம் சொன்னேன். அவள் கண்கள் நிறைந்தன, ஆனால் முகம் மலர்ந்தது. "மணி நின்னா எனக்கு உடம்பு நடுங்கும். அது அவருக்குத் தெரியும்."

"அக்கா, மணி நிக்கறது நல்லதுக்குத்தான். நின்னாத்தான் ஆளுங்க ஓடிவருவாங்க. ஒருநாள் நிஜமாவே சக்கரம் நின்னு, இவர் பாட்டுக்கு அடிச்சிட்டிருந்தா? காஸ்பர் அடியில இல்ல இருக்கான்?"

"நீ அங்கதானே இருக்க. நீ வந்து சொல்லமாட்டியா?"

"என்னால வர முடியலேன்னா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதிய வாளிகளுக்கு நல்ல காய்ந்த மரம் கிடைக்கவில்லை. பச்சை மரத்தைத்தான் போட்டேன். சக்கரம் ஒரு பக்கம் கனத்துப்போனது. அதனால் மணியும் ஒரு அடி சீக்கிரமாகவும் அடுத்தது தாமதமாகவும் விழுந்தது. ஊரே சிரித்தது. நொண்டி மணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"பீர்க்கடையில எவனும் ஒழுங்கா ஆடமுடியலையாம், தோபியாஸ்," என்றான் காஸ்பர் என்னிடம். "எல்லாரும் மணிக்கேத்தபடி நொண்டுறானுங்க. கல்யாணத்துக்கு நாள் பாத்திருந்தா தள்ளிவைக்கச் சொல்லு."

இல்சபெகூட அன்று சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் நான் கேட்ட அவளுடைய ஒரே சிரிப்பு அதுதான்.

பனி விழுந்து, இறுகி, பிறகு எதிர்பாராமல் ஒரு இளஞ்சூடான காற்று வீசியது. அன்றைக்கு முற்பகலிலேயே நான் உள்ளே இருந்தேன். காஸ்பரும் இன்னும் மூன்று பேரும் கீழே, கடைசித் தளத்தில், ஒரு பள்ளத்தைத் தாண்டி உள்ளே தோண்டிக்கொண்டிருந்தார்கள். பம்பு நின்றால் முதலில் நிறைவது அந்தப் பள்ளம்தான். அப்புறம் அவர்கள் வெளியே வர வழியே கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. மேலே மணி நின்றதைக் கேட்டு யாராவது ஓடிப்போய்க் கத்தினால்தான் உண்டு.

சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் எங்கோ பனிப்பாளம் உடைந்தது. வரும் ஓசையைக் கேட்டேன். விலக நேரமில்லை. பாளம் சக்கரத்தின்மேல் விழுந்தது, சக்கரம் சுவரில் மோதி இறுகியது, சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றும் தொட்டியின் உத்திரம் முறிந்து என் காலின்மேல் இறங்கியது.

கண் விழித்தபோது விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சக்கரம் நின்றுவிட்டது. காலை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. சரி, என்று நினைத்தேன். மணி நின்றிருக்கும். இப்போது வந்துவிடுவார்கள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.

சீராக. நொண்டாமல்.

"ஹென்னிங்," என்றேன். அதுவரை அவன் பெயரை நான் சொன்னதே இல்லை. "விட்டுடு. அடிக்காத."

கம்பி இறங்கியது. ஏறியது.

"உன் மச்சினன் கீழ இருக்கான். காஸ்பர். விடு."

இறங்கியது. ஏறியது.

கத்தினேன். கல்லை எடுத்துக் கம்பியின்மேல் எறிந்தேன். கல் கம்பியை எட்டவில்லை; அதற்கு முன்பே எதன்மேலோ மெத்தென்று பட்டு விழுந்தது. ஈரக் கம்பளியின் வாடை எழுந்தது. அதன்பிறகு நான் எறியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாதிப் பிரார்த்தனையில் இருந்தேன். குகைவழியில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பெண்களை நாங்கள் உள்ளே விடுவதில்லை. இல்சபெ வந்தாள், பாவாடை முழங்கால் வரை நனைந்து.

"வாசல்ல சொல்லுங்கக்கா," என்று கத்தினேன். "சக்கரம் நின்னுடுச்சுன்னு ஆளுங்களைக் கீழ அனுப்பச் சொல்லுங்க."

"சொன்னேன் தம்பி. யாரும் நம்பலை. மணி அடிக்குதே, வீட்டுக்குப் போம்மாங்கறாங்க." அவளுக்கு மூச்சு இரைத்தது. "இன்னிக்குத்தான் உன் மணி ஒழுங்கா அடிக்குதுன்னு ப்ராண்டெஸ் சிரிக்கிறார்."

"உங்களுக்கு எப்படி..."

"ஒழுங்கா அடிச்சா அது நீயா?"

உத்திரத்தைத் தூக்கப் பார்த்தாள். அது இரண்டு ஆள் சுமை. விட்டுவிட்டு நிமிர்ந்தாள். விளக்கை உயர்த்தி, ஏறி இறங்கும் கம்பியைப் பார்த்தாள். அதை மட்டும் பார்க்கவில்லை. அதற்குச் சற்றுப் பக்கத்தில், ஒரு மனிதன் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில், பார்த்தாள்.

விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். அது அவள் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது.

"கை சில்லுன்னு இருக்கு உங்களுக்கு," என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் தூங்கணும்னுதானே அடிக்கிறீங்க," என்று மெல்லச் சொன்னாள். "அன்னிக்கும் அடிச்சுது. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சு சூப்பை எடுத்து மேசையில வெச்சேன். ஆறிப்போச்சு, திரும்பச் சுடவெச்சேன். நீங்க இங்க சுத்திட்டிருந்தீங்க, நான் சூப்பைச் சுடவெச்சிட்டிருந்தேன்."

கம்பி இறங்கி ஏறியது.

"இன்னிக்குக் காஸ்பர் கீழ இருக்கான். இன்னொரு தடவ சூப்பு வெக்கமாட்டேன். விடுங்க."

கம்பி ஏறியது. நின்றது. மறுபடி இறங்கியது, இந்த முறை தயங்கித் தயங்கி.

"எனக்குப் பயமில்ல," என்றாள். பொய் என்று குரலே சொன்னது. "மணி இல்லாமலும் தூங்கிக்குவேன். போதும்ங்க. இனிமே அடிக்காதீங்க. என்னிக்குமே."

மேலே ஒரு அடி விழுந்தது.

அடுத்தது விழவில்லை.

கம்பி அவள் கையில் தளர்ந்து தொங்கியது. அவள் அதைப் பிடித்தபடியே நின்றாள். தண்ணீர் எங்கோ சொட்டியது. அந்த மௌனத்தின் நீளத்தை என்னால் சொல்ல முடியாது. பிறகு மலைக்கு மேலே, பாறையின் வழியாக, மெல்லிய அதிர்வு. கதவுகள். காலடிகள். ஊர் விழித்துக்கொண்டது.

ஆட்கள் கீழே இறங்கியபோது பள்ளத்தில் தண்ணீர் மார்பளவு. நால்வரையும் ஒருவர் பின் ஒருவராக இழுத்தார்கள். ஏணியேற அவர்களுக்குத் தெம்பில்லை. தாதுத் தொட்டியில் மனிதர்கள் ஏறக்கூடாது என்பது எங்கள் விதி. அன்று ப்ராண்டெஸே பெரிய சக்கரத்தின் மதகைத் திறந்து, தொட்டியிலேயே அவர்களைத் தூக்கினார்.

"தாது மாதிரி தூக்கிட்டாங்க," என்றான் காஸ்பர், பற்கள் கிடுகிடுக்க. "உருக்கிப் பாருங்க, வெள்ளி ஏதாச்சும் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. இல்சபெ அவன் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும்.

என் கால் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. நொண்டி மணிக்கு நொண்டிச் சக்கரக்காரன் என்று காஸ்பர் சொன்னான். ப்ராண்டெஸ் என்னைப் பெரிய சக்கரத்தின் மதகுகளுக்கு மாற்றினார். அங்கே உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பழைய கம்பியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் கட்டைவிரல் தடிமனில் இரும்புத் தண்டு. மரக்கையோடு சேர்த்து அதைச் சுற்றிப் பலகை அடித்து, ஆணி அறைந்தாயிற்று. யாருடைய கையும் இனி அதைத் தொட முடியாது. ஆணிகளை நானே அறைந்தேன்.

அதன்பிறகு மதியங்களில் மணி ஒரு அடிகூட விடவில்லை.

இல்சபெ முறை மாறும் நேரத்தில் ஜன்னலருகே போய் நிற்பாள். கையில் துணியோ கரண்டியோ இருக்கும். நொண்டி நொண்டி மணி அடித்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து வேலையைப் பார்ப்பாள். தலையை வாரிக் கட்டுவது நின்றுபோனது. ஒருமுறை மட்டும், அடுப்பின்முன் உட்கார்ந்து சொன்னாள்.

"அன்னிக்கு முதல் அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு தம்பி, அது அவர்னு. உடனே எழுந்திருக்கலை. கொஞ்ச நேரம் கேட்டுட்டே உக்காந்திருந்தேன். இதுதான் கடைசின்னு தோணிச்சு."

அடுப்பில் விறகைக் கிளறிவிட்டாள். பிறகு சொன்னாள். "நான் எது சொன்னாலும் கேப்பார். எப்பவும் கேப்பார்."

பனி முழுதும் கரைந்து, ஊசியிலைக் காடுகளில் புது நுனிகள் தெரிந்த ஒரு நாள். எனக்கும் காஸ்பருக்கும் ஓய்வு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்திருந்தோம். காஸ்பர் தன் குருவி எங்கள் பாதிரியைவிட நன்றாகப் பாடுவதாக வாதாடிக்கொண்டிருந்தான். இல்சபெ ரொட்டியை நெஞ்சோடு அணைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மணி, ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம். ஒன்று சீக்கிரம்.

தாமதமானது வரவில்லை.

கத்தி ரொட்டியின் பாதியில் நின்றது.

ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். பிறகு அடுத்த அடி விழுந்தது, அதற்கடுத்தது, எப்போதும்போல நொண்டிக்கொண்டு.

"என்னாச்சு?" என்றான் காஸ்பர், வாய் நிறைய ரொட்டியோடு. "ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாத்துக்கிறீங்க?"

நான் அறைந்த ஆணிகளை நினைத்துக்கொண்டேன்.

இல்சபெ ரொட்டியைக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இரண்டு கையாலும் முடியை ஒதுக்கி, மறுபடி கட்டிக்கொண்டாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

மேசையின் நான்காவது இடத்தில், சூப்பு ஊற்றாமல், அதைக் கவிழ்த்து வைத்தாள்.